மூடியதும் உறங்குமா மடிக்கணினி?

மடிக்கணினியின் மூடியை மூடினால் அது உறங்க வேண்டும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்து வர வேண்டும். கேட்பதற்கு இது மிகச் சாதாரணமான காரியம். ஆனால், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதித்துக்கொண்டவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். "இரவு மூடி வைத்தேன், காலையில் பேட்டரி காலி." "பைக்குள் வைத்தேன், எடுத்தபோது சுட்டது." "எழுப்பினேன், திரை கறுப்பாகவே நிற்கிறது."

இந்தக் குறை இப்போது நம் சமூகத்திற்கு முன்பைவிட முக்கியமாகியிருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு கணினி எவ்வளவு அவசியம் என்பதைத் தோட்டப்புறக் குடும்பங்கள் நேரடியாகவே உணர்ந்தன. அன்று இரவலாகவும் நன்கொடையாகவும் மலிவு விலைக்கும் வந்து சேர்ந்த கணினிகளில் பல, விண்டோஸ் 10 இயங்குதளத்தில் ஓடுபவை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அந்த இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதி பல பழைய கணினிகளுக்கு இல்லை. அவற்றைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற உள்ள வழிகளில் செலவில்லாத ஒன்று லினக்ஸ். ஆனால் மூடினால் உறங்காத மடிக்கணினியை ஒரு மாணவர் எப்படிப் பள்ளிக்கு எடுத்துச் செல்வார்?

சிக்கல் எங்கே இருக்கிறது, அதை யார், எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

கோலா தெர்லா சொல்லும் பாடம்

கேமரன் மலையில் கம்போங் ராஜாவுக்கும் பிரிஞ்சாங்கிற்கும் இடையே உள்ள கோலா தெர்லாவைப் பலரும் காய்கறித் தோட்டங்களுக்காகவும் அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளுக்காகவும் அறிவர். அங்கே ஒரு சிறிய நீர்மின் நிலையமும் உண்டு. அதன் திறன் அரை மெகாவாட்தான். 1960களில் உருவான கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் அது ஒரு சிறு கண்ணி. தெலோம் ஆற்றுப் பக்கத்து நீர் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மலையடிவாரத்தில் 100 மெகாவாட் திறனுள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்தை ஓட்டுகிறது.

இத்தகைய நிலையங்களில் 'கவர்னர்' என்றொரு கருவி உண்டு. ஊரில் மின்சாரத் தேவை கூடினால் அது டர்பைனுக்குச் செல்லும் தண்ணீரைக் கூட்டும். தேவை குறைந்தால் தண்ணீரைக் குறைக்கும். அளவுக்கு மேல் தண்ணீரை விட்டால் வீண். குறைத்து விட்டால் விளக்கு மங்கும். கணினிக்குள் நடக்கும் மின்சக்தி நிர்வாகமும் இதே வேலைதான். லினக்ஸில் அந்த வேலையைச் செய்யும் பகுதிக்கும் 'கவர்னர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு மிச்சம்? கணினியின் செயலி வேலை செய்யும்போது செலவழிக்கும் சக்தி, அதன் வேகத்தையும் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது. வேகத்தை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 20 விழுக்காடும் குறைத்தால், 0.8ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.51. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால், வேலை செய்வதற்கு ஆகும் சக்தி பாதியாகிவிடுகிறது.

உறக்கத்திற்கும் ஒரு கணக்குப் போடலாம். 40 வாட்-மணி பேட்டரி உள்ள கணினி ஒன்று, நன்றாக உறங்கும்போது அரை வாட் மட்டும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 80 மணி நேரம் தாங்கும். உறங்காமல் விழித்தபடி 8 வாட் எடுத்தால் 5 மணி நேரம்தான். இரவு 10 மணிக்கு மூடி வைத்தால், விடியும் முன்பே பேட்டரி தீர்ந்துவிடும்.

கங்காணியிடமிருந்து துரையிடம்

கணினியில் இரண்டு நிர்வாகிகள் உண்டு. ஒருவர், தயாரிப்பாளர் மின்பலகையிலேயே பதித்து அனுப்பும் நிலைபொருள். பொதுமக்கள் இதைப் பயோஸ் என்று அழைக்கிறார்கள். இன்று இதன் புதிய வடிவம் யு.இ.எஃப்.ஐ. மற்றவர், நாம் பதிக்கும் இயங்குதளம். அந்த இயங்குதளத்தின் உயிர்நாடியான உட்பகுதிதான் கர்னல். நினைவகம், செயலி, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் ஆள்வது அதுவே.

இந்த இருவருக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பிரிய வேண்டும்? 1992இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் கொண்டுவந்த ஏ.பி.எம். என்ற முறையில் பெரும்பாலான அதிகாரம் பயோஸின் கையில் இருந்தது. இது பழைய தோட்டத்துக் கங்காணி முறையைப் போன்றது. துரை வேலையைச் சொல்வார். யாரை, எப்போது, எப்படி வேலை வாங்குவது என்பது கங்காணிக்கே தெரியும். அதுபோல, இயங்குதளம் எதையோ செய்துகொண்டிருக்கும்போது பயோஸ் தன் போக்கில் வட்டை நிறுத்திவிடும், திரையை அணைத்துவிடும். ஏன் என்று இயங்குதளத்திற்குப் புரியாது.

இதை மாற்ற 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறையை வெளியிட்டன. கணினியின் அமைவையும் மின்சக்தியையும் நிர்வகிக்கும் மேம்பட்ட இடைமுகம் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். 2013இலிருந்து யு.இ.எஃப்.ஐ. மன்றம் இதைப் பராமரிக்கிறது. இதன்படி முடிவெடுக்கும் அதிகாரம் இயங்குதளத்திடம் வந்தது. துரையே நேரடி நிர்வாகம் செய்யலாம். ஆனால், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த வாய்க்காலுக்கு எந்த மதகு என்பதெல்லாம் கங்காணி எழுதி வைத்த கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகம்தான் ஏ.சி.பி.ஐ. அட்டவணைகள்.

இந்த அட்டவணைகளில் வெறும் தகவல் மட்டும் இல்லை. சிறுசிறு நிரல்களும் உண்டு. ஏ.எம்.எல். என்ற மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல்களைக் கர்னல் வரிவரியாகப் படித்து இயக்குகிறது. பேட்டரியில் எவ்வளவு மீதம், மூடி திறந்திருக்கிறதா, விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த நிரல்களின் வழியாகவே வருகிறது. ஆக, நாம் எந்த இயங்குதளத்தைப் பதித்தாலும், தயாரிப்பாளர் எழுதிய நிரல் ஒன்று அதன் மடியில் உட்கார்ந்தே இருக்கும். அந்த நிரலில் பிழை இருந்தால், பழி இயங்குதளத்தின் மேல் விழும்.

உறக்கத்தில் எத்தனை வகை?

ஏ.சி.பி.ஐ. உறக்கத்தைப் படிகளாகப் பிரிக்கிறது. எஸ்-0 என்பது முழு விழிப்பு. எஸ்-3 என்பது நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்றவற்றை ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிடும் ஆழ்ந்த உறக்கம். எஸ்-4 என்பது நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை நிறுத்திவிடுவது. எஸ்-5 என்றால் கணினி நிறுத்தப்பட்ட நிலை.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டுக்குப் பிறகு புதிதாக ஒரு வழக்கம் வந்தது. கைப்பேசியைப் போலவே கணினியும் உறங்கும்போது அஞ்சலைப் பெற்றுக்கொண்டிருக்கட்டும் என்று, எஸ்-0 நிலையிலேயே அரைத்தூக்கம் போடும் முறை அது. இன்று பல புதிய மடிக்கணினிகளில் எஸ்-3 வசதியே இல்லை. இந்த முறையில் ஏதேனும் ஒரு சிறு கருவி உறங்க மறுத்தாலும் செயலி ஆழ்ந்த ஓய்வுக்குப் போகாது. பைக்குள் கணினி சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் கணினிகளிலும் இது நடக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பத்தாண்டுக்கு முந்திய கணினிகள் பலவற்றில் எஸ்-3 இருப்பது, அவற்றை வாங்குவோருக்கு ஒரு சாதகம்.

பிழை எப்படி வருகிறது?

தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கணினியைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அங்கே வேலை செய்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். விதிமுறைப்படி தவறான நிரலாக இருந்தாலும், விண்டோஸ் அதைப் பொறுத்துக்கொண்டால் தவறு வெளியே தெரியாது.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1999 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தலைவர் பில் கேட்ஸ் எழுதிய ஒரு மின்னஞ்சல், பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் ஆவணமாக வெளிவந்தது. ஏ.சி.பி.ஐ. நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க முடியுமா என்று அவர் அதில் யோசித்திருந்தார். ஆனால் அந்த விதிமுறை எல்லாரும் படிக்கக்கூடியதாகவே இருந்தது. லினக்ஸ் பட்ட துன்பத்திற்குச் சதியைவிடச் சோதிக்காமல் விட்டதே பெரிய காரணம் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பயோஸ் நிரல், இயங்குதளத்தைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்க ஏ.சி.பி.ஐ.யில் வழி இருக்கிறது. "நீ விண்டோஸ் 7ஆ? விண்டோஸ் 10ஆ?" என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ப அது நடந்துகொள்ளும். தொடக்கத்தில் "நீ லினக்ஸா?" என்று கேட்டால் லினக்ஸ் உண்மையைச் சொல்லி "ஆம்" என்றது. அப்படிச் சொன்னதும், யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு பாதைக்குள் பயோஸ் நுழைந்துவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து, லினக்ஸ் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றே பதில் சொல்கிறது. விண்டோஸ் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் "ஆம்" என்கிறது. உண்மையைச் சொன்னால் கதவு திறக்காத இடத்தில் வேறென்ன செய்வது? தயாரிப்பாளர் சோதித்த பாதையிலேயே நடப்பதுதான் பயனருக்கு நன்மை என்று இன்டெல்லில் இதைப் பராமரித்து வந்த லென் பிரவுன் முதலானோர் முடிவெடுத்தார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு, கறுப்புத் திரை. எஸ்-3 உறக்கத்திலிருந்து எழும்போது திரை அட்டையை மீண்டும் உயிர்ப்பிப்பது யார் வேலை? பயோஸ் செய்யும் என்று லினக்ஸ் காத்திருக்க, இயங்குதளம் செய்யும் என்று பயோஸ் விட்டுவிட, இடையில் பயனர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாடலுக்கும் என்ன தந்திரம் செய்தால் திரை வரும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்த காலம் அது. 2009இல், இன்டெல் திரை அட்டைகளில் தொடங்கி, அந்தப் பொறுப்பை ஏற்கும் வசதி கர்னலுக்குள் வந்தது. பட்டியல் தந்திரங்களுக்குத் தேவை குறைந்தது. வேலையைச் சரியான இடத்திற்கு மாற்றுவதே பல சமயங்களில் நல்ல பழுதுபார்ப்பாகிறது.

மூன்றாவது, மூடிச் சிக்கல். சில கணினிகளில் மூடியைத் திறந்து எழுப்பிய பிறகும், "மூடியிருக்கிறது" என்றே நிரல் அறிவிக்கும். அதை நம்பி இயங்குதளம் மறுபடியும் உறங்கப் போய்விடும். தூங்குகிறவரை எழுப்பலாம், இப்படிப்பட்டவரை எப்படி எழுப்புவது? முதல் அறிவிப்பை நம்பலாமா கூடாதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கர்னலில் சேர்த்துத்தான் இதைச் சமாளித்தார்கள்.

யார் சரி செய்கிறார்கள்?

ஏ.எம்.எல். நிரல்களைப் படிக்கும் பொதுவான மென்பொருளை இன்டெல் உருவாக்கி, ஏ.சி.பி.ஐ.சி.ஏ. என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. லினக்ஸ், ஃபிரீ.பி.எஸ்.டி. போன்ற இயங்குதளங்கள் இதையே பயன்படுத்துகின்றன. லினக்ஸில் இந்தப் பகுதியையும் மின்சக்தி நிர்வாகத்தையும் பராமரிப்பவர் போலந்தைச் சேர்ந்த ரஃபேல் வைசோக்கி.

இந்தத் துறையில் இந்தியப் பெயர்கள் பல உண்டு. தேவைக்கேற்பச் செயலியின் வேகத்தை ஏற்றி இறக்கும் 'ஆன்டிமாண்ட்' கவர்னர் 2004இல் லினக்ஸில் சேர்ந்தது. அதன் பின்னணியில் முக்கியமானவர் இன்டெல்லில் பணியாற்றிய வெங்கடேஷ் பல்லிபாடி. 2008இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில், ஆற்றலைச் சேமிக்கும் வகையில் வேலைகளைச் செயலிகளுக்குப் பங்கிடுவது பற்றி ஐ.பி.எம். நிறுவனத்தின் வைத்தியநாதன் சீனிவாசன், கௌதம் ஷெனாய் முதலானோர் அவருடன் சேர்ந்து கட்டுரை படைத்தார்கள். செயலி வேகப் பகுதியை வைசோக்கியுடன் இணைந்து இன்று பராமரிப்பவர் விரேஷ் குமார்.

தமிழகத்திலும் இதன் தேவை உணரப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவதற்காக உருவானது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர்களின் கைக்குப் போனது. ஓர் இயங்குதளம் தமிழ் பேசினால் மட்டும் போதாது. மூடினால் உறங்கவும் வேண்டும். மாணவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவாரா என்பது அத்தகைய சின்னச் சின்ன வசதிகளில்தான் இருக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பில் உருவானது. 2018இல் அதன் சில்லில் லினக்ஸ் இயங்கியது. ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலிகளுக்கான அடிப்படை ஏ.சி.பி.ஐ. ஆதரவு 2023இல் லினக்ஸுக்குள் வந்தது. ஆக, 1996இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்று பிறக்கும் கணினிகளுக்கும் தேவைப்படுகிறது.

மலேசியர்களுக்குத் தெரிந்த மாறுபட்ட உதாரணமும் உண்டு. 2013 முதல் நம் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளில் உள்ளே இருப்பது லினக்ஸ் கர்னல்தான். நிலைபொருளும் இயங்குதளமும் ஒரே கூரையின் கீழ் தயாராவதால், அவற்றில் இருவருக்கும் இடையே பேச்சு முறிவது அரிது. பிரச்சினை லினக்ஸின் தகுதியில் இல்லை, இரு தரப்பும் சேர்ந்து சோதிக்கப்படுவதில்தான் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

பழுது பார்ப்பது எப்படி?

கர்னலில் ஒரு பிழையைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது போலத் தோன்றும். ஒரு புதிய பதிப்பில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். "போன பதிப்பில் உறங்கியது, இந்தப் பதிப்பில் உறங்கவில்லை" என்றால், எந்த மாற்றம் காரணம்? மாற்றங்களைப் பாதியாகப் பிரித்து, நடுவில் உள்ளதைச் சோதிப்பார்கள். அதில் சரியாக உறங்கினால் பிழை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. இப்படிப் பிரித்தால் 16,000 மாற்றங்களில் குற்றவாளியைப் பிடிக்க 14 சோதனைகள் போதும். இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. பொறுமையும், அந்தப் பிழை உள்ள கணினியும் இருந்தால் போதும். எல்லா மாடல் கணினிகளும் எந்தப் பொறியாளரின் மேசையிலும் இருக்க முடியாது என்பதால், சாதாரணப் பயனரின் உதவிக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு.

பிழை பயோஸில் இருந்தால் என்ன செய்வது? சிறந்த வழி, தயாரிப்பாளரே திருத்திய பயோஸை வெளியிடுவது. அவர் வெளியிடாவிட்டால், "இந்த மாடலில், இந்தப் பயோஸ் பதிப்பில் மட்டும் இப்படி நடந்துகொள்" என்று கர்னலில் ஒரு விதிவிலக்குச் சேர்ப்பார்கள். ஆனால் ஒரு கணினிக்காகச் செய்த திருத்தம் மற்றவர் கணினியைக் கெடுத்துவிடக்கூடாது. நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுபோகக்கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் விதி. அதனால்தான் விதிவிலக்குகளை முடிந்தவரை குறைத்து, எல்லாருக்கும் பொருந்தும் பொதுத் தீர்வையே பராமரிப்பாளர்கள் விரும்புகிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பயன்படுத்திய மடிக்கணினியைப் பிள்ளைகளுக்காக வாங்குவோரும், பள்ளிக்கு நன்கொடையாகப் பெறும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் சில சோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

முதலாவது, வட்டில் பதிக்காமல் யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பாருங்கள். பேட்டரி விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு மூடியை மூடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்து, எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அடிப்பாகம் சூடாக இருந்தால் அது உறங்கவில்லை.

இரண்டாவது, எழுந்த பிறகு வைஃபை, ஒலி, திரையின் வெளிச்சம், தொடுபலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை எழுந்துவிட்டது என்பதற்காகத் திருப்தி அடைய வேண்டாம். பத்து முறை மூடித் திறந்து சோதியுங்கள்.

மூன்றாவது, தயாரிப்பாளரின் புதிய பயோஸ் இருந்தால் அதைப் பதியுங்கள். பேட்டரி நிறைந்து, மின்னிணைப்பும் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். இடிமழை நேரத்தில் வேண்டவே வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் கணினி எழாமலே போகலாம்.

நான்காவது, குறை இருந்தால் முறையாகத் தெரிவியுங்கள். "தூங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. கணினியின் மாடல், பயோஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு, எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது, பத்து முறையில் எத்தனை முறை தவறியது என்ற விவரங்களோடு, கர்னலின் பதிவேட்டையும் ஏ.சி.பி.ஐ. அட்டவணைகளின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள்.

நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு மாணவர் இதைச் செய்ய முடியுமா? முடியும். பல்கலைக்கழகப் பட்டத்தைவிடக் குறிப்பெடுக்கும் பழக்கம்தான் இதற்கு அதிகம் தேவை. தன் வீட்டுக் கணினிக்காக அவர் அனுப்பும் ஒரு நல்ல அறிக்கை, அதே மாடலை வைத்திருக்கும் உலகின் வேறு மூலையில் உள்ளவருக்கும் பயன்படும். அடுத்தவர் செய்த திருத்தம் அவருக்கு வந்து சேர்வதும் அப்படித்தான்.

விலை உயர்ந்த கணினியை வாங்கிக் கொடுக்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. இருக்கும் கணினியை இன்னும் ஐந்து ஆண்டு உழைக்க வைக்க இயலும். நம் தமிழ்ப்பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் ஓர் அலமாரியில் பழைய மடிக்கணினிகள் தூசி படிந்து கிடக்கின்றனவா? ஒரு சனிக்கிழமை அவற்றை எடுத்துத் துடைத்து, மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் மாணவர்களைக் கொண்டே செய்து பாருங்கள். எத்தனை தேறும் என்பதை அன்று மாலைக்குள் தெரிந்துகொள்ளலாம்.